செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள்

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் அண்ணி. பைக் மெக்கானிக் பாய். எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மிஸ். கடைசியாக வந்த என் அண்ணன். கீழே வீட்டுக்காரம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலே ஏறி வரவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டார். ஸ்டேஷனில் விசாரித்தபோதும் இதையேதான் சொன்னேன். ஒருத்தரைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு, யாரையாவது விட்டுவிட்டேனோ என்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கும் அண்ணிக்கும் பாய்க்கும் பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருஷம் முழுக்க ஆய்வகத்தில் புழங்குவார்கள். எங்களைப் போலத் தனியாக எழுதுகிறவர்கள், தேர்வுத் துறை ஒதுக்குகிற பள்ளிக்கூடத்தில் போய்ச் செய்முறை வகுப்பு முடித்து, அந்தத் தேர்வையும் கொடுக்க வேண்டும். அதில் ஆப்சென்ட் என்றால் அந்த வருஷத்துக்கு அறிவியல் போச்சு. அறிவியல் போனால் பத்தாவதும் போச்சு.

அண்ணிக்கு அந்தப் பத்தாவது வேண்டும். நானும் அவளும் செங்கம் ரோடு பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறை பெருக்கி, பாத்ரூம் கழுவுகிற வேலை செய்துவந்தோம். சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலைக்கு எடுப்பார்கள், பத்தாவது இருந்தால் போதும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். சம்பளம் கைக்கு வந்தால் டவுனில் ஒரு ரூம் எடுப்பேன் என்பாள். "உள்ள பூட்டிக்கினு தூங்கணும். அவ்ளோதான் என் ஆசை." உள்ளே பூட்டிக்கொள்வது என்பது அவளுக்குப் பெரிய விஷயம். அடி அண்ணாமலை கிராமத்தில் அண்ணன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அவள் ஒரு தரம் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள் என்று அவனே அதைப் பிடுங்கி எறிந்திருந்தான்.

அண்ணன் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போட்டிருந்தான். கடையில் நிற்கும்போது சிரித்த முகம்தான். வெளியூர்க்காரர்கள் அவனோடு போட்டோகூட எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் அண்ணிக்கு ஒரு முன்பல் இல்லை. இடது கை சுண்டுவிரல் மடங்காது. குழம்பில் உப்பு கம்மி என்றதற்கு ஒன்று, உப்பு ஜாஸ்தி என்றதற்கு ஒன்று. என் புருஷன் இறந்த பிறகு நான் அவர்கள் வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருந்தேன். அடி விழுகிற சத்தம் சுவர் வழியாக வரும். சட்டிப் பானை விழுந்தால் ஒரு மாதிரி, ஆள் விழுந்தால் ஒரு மாதிரி. எனக்கு இரண்டும் பிரித்துத் தெரியும்.

நானும் ஏன் பத்தாவது எழுதப் போனேன் என்றால், அண்ணி தனியாகப் போகப் பயந்தாள். பயத்துக்குத் துணையாக என்னைக் கூப்பிட்டது அவள் செய்த தப்பு. எனக்குப் பயம்தான் முழுநேர வேலை. ஒன்பதாவதில் அறிவியல் வாத்தியார் என் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். ராத்திரிவரை காதுக்குள் கொய்யென்று கேட்டது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதோடு என் படிப்பு முடிந்தது.

மிஸ்ஸுக்கு எங்களைவிட வயது குறைவு. எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், ஒரு சந்தில் மாடி அறை எடுத்து டியூஷன் நடத்திவந்தார். பாய்க்கு நாற்பது தாண்டியிருக்கும். பத்தாவது பாஸ் செய்திருந்தால் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட்டில் தொல்லை இல்லையாம். மஸ்கட்டில் இருந்து மச்சான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்பார்.

அன்று பயிற்சி செய்தது, கொடுத்த கரைசல் அமிலமா காரமா என்று கண்டுபிடிக்கும் சோதனை. ஆய்வக அமிலம் கிடைக்கவில்லை. அதனால் அண்ணி கெஸ்ட் ஹவுசில் இருந்து பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்துவிட்டாள். வேணாம் அண்ணி, பஸ்ஸில் மூடி திறந்துகொள்ளும், யாராவது தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள் என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். காரத்துக்கு வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு. அதைக் கரைத்துத் தெளியவைத்து இன்னொரு பாட்டில். மிஸ் ஆசிட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இது தரைய அரிக்கிற ஆசிட்டுக்கா. லேப்ல இருக்கறது இதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது." பிறகு அவரே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பாதிக்கு மேல் தண்ணீராக்கித் திரும்பப் பாட்டிலில் நிரப்பினார். அதனால்தான் அண்ணிக்குக் கை இன்றைக்கும் கையாக இருக்கிறது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

இரண்டு பாட்டில்களும் ஒரே மாதிரி. லேபிளைக் கிழித்துவிட்டு, எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, மிஸ் அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்தார். லிட்மஸ் தாளுக்குப் பதிலாக மஞ்சள் தடவிக் காயவைத்த தாள். காரம் என்றால் குங்குமம்போலச் சிவக்கும். அமிலம் என்றால் மாறாது, அப்போது கொஞ்சம் ஆப்ப சோடா போட வேண்டும், நுரைத்துப் பொங்கும்.

அண்ணி முதலில் பாட்டிலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அக்கா, மோந்து பாக்கறத வுடுங்க. நாளைக்கு வர்ற சார் முன்னாடி இப்படிப் பண்ணீங்கன்னா அங்கியே மார்க்க கொறச்சிடுவாரு."

"பாத்ரூம் கழுவுற மூக்கு மிஸ். அதுவா போகுது."

"எனக்கு அந்தக் கவல இல்ல," என்றார் பாய். "இந்த மூக்குக்குப் பெட்ரோல் தவிர வேற ஒண்ணும் தெரியாது. சார் என்னை சந்தேகப்படவே முடியாது."

என் முறை வந்தது. சோதனைக் குழாயைப் பிடித்தேன்.

"இன்னாக்கா, டியூபு சாமியாடுது."

"வுடுங்க மிஸ்," என்றாள் அண்ணி. "அவளுக்கு எதுவும் இல்லன்னாலும் கை ஆடும். உடைஞ்சா இன்னா பண்றதுன்னு இப்பவே அழுதுனு இருப்பா மனசுக்குள்ள."

உண்மைதான். உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு மேல், அண்ணன் வந்தால் என்ன செய்வது என்று என் பாதிக் காது சந்தில் இருந்தது. வாரா வாரம் நாங்கள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தோம். அவன் வண்டியின் சைலன்சரில் ஓட்டை. தெருமுனையில் திரும்பும்போதே டமடமவென்று கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த வாரம் அவன் வண்டியை மெக்கானிக் கடையில் விட்டு சைலன்சரை மாற்றியிருந்தான். மாற்றிக்கொடுத்தவர் பாய். அவருக்கு இவன் யார் என்று தெரியாது. ஒரு வண்டி வந்தது, நல்லபடியாகச் செய்துகொடுத்தார்.

அதனால் எங்களுக்குக் கேட்டது செருப்பைக் கழற்றிப் போட்ட சத்தம் மட்டும்தான். யார் சொல்லி வந்தான் என்று இன்றுவரை தெரியாது. நான் எட்டி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். வண்டியின் பின்னால் கட்டிய பெட்டியில் இளநீர் வெட்டுகிற கத்தி இருந்தது. கத்தியை எடுத்துவரவில்லை. ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது.

"இதான் கோயிலா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். "எந்த சாமிடி இங்க இருக்கு? இவனா?"

பாய் எழுந்து நின்றார். "ணா, உக்காருங்க. நாளைக்குப் பரீட்சை. படிச்சிட்டு இருக்கோம்."

"என் வண்டிக்கு சைலன்சரு போட்டுக் குடுத்த கையோட என் பொண்டாட்டிய மாடியில உக்கார வெச்சிருக்கியா நீ?"

அறைந்தான். பாய் மேஜைமேல் விழுந்தார். மேஜையின் கால் ஒன்று மடங்கியது. சோதனைக் குழாய்கள் உருண்டு ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உடைந்தன. பாய் எழ முயன்றபோது வயிற்றில் உதைத்தான். மிஸ் பயிற்சிக்கு வைத்திருந்த லென்ஸ் சுவரோரம் போய் இரண்டாகப் பிளந்தது.

"வெளிய போங்க," என்றார் மிஸ். "இது என் ரூமு. போலீசுக்குப் போன் பண்ணுவேன்."

"பண்ணு. கல்யாணம் ஆகாத பொண்ணு, குடும்பத்துப் பொம்பளைங்களுக்கு இன்னா சொல்லித் தர்றன்னு அவங்ககிட்டியே சொல்றேன்." மிஸ்ஸின் கையில் இருந்த போனைத் தட்டிவிட்டு, அவரைத் தோளில் தள்ளினான். அவர் தலை அலமாரியில் மோதிய சத்தம் எனக்குள் இப்போதும் இருக்கிறது.

அண்ணி நகரவில்லை. ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையோடு மார்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, கையைத் திருகி, அதைப் பிடுங்கினான். உறையில் இருந்து உருவி நாலாகக் கிழித்தான், எட்டாகக் கிழித்தான். தாடையை அழுத்தி அவள் வாயைத் திறந்து அந்தத் துண்டுகளை உள்ளே திணித்தான்.

"தின்னு. தின்னுட்டு பாஸ் பண்ணு."

நான், அண்ணா வேணாம், அண்ணா வேணாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் இருந்து அவனிடம் நான் சொல்லியது அந்த ஒன்றுதான்.

அண்ணி தாளைத் துப்பினாள். ரத்தம் கலந்து வந்தது. பிறகு சிரித்தாள். அவனைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டர் சென்டர்ல போனா இன்னொண்ணு எடுத்துத் தருவாங்கய்யா. அது கூடத் தெரியாம கிழிச்சுனு கீற."

அவன் முகம் ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டது. சாய்ந்த மேஜையில் விழாமல் நின்ற இரண்டு பாட்டில்களில், கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசினான். அவனைப் பொறுத்தவரை அது தண்ணீர் பாட்டில். முகத்தில் தண்ணீரை அடித்து அவமானப்படுத்துகிறான், அவ்வளவுதான் அவன் நினைத்தது என்று அவன் வக்கீல் பிறகு சொன்னார். இருக்கலாம். சோதனைக்காக மூடிகளை நாங்கள்தான் கழற்றி வைத்திருந்தோம்.

அண்ணி வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள். முழுவதும் கையில் பட்டது.

"எரியுது," என்றாள்.

அது எந்தப் பாட்டில் என்று யாருக்கும் தெரியவில்லை. சுண்ணாம்பு என்றாலும் எரியும். பிறகு நான் தரையைப் பார்த்தேன். அவள் காலடியில் சிமெண்ட் தரை வெள்ளையாக நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. ஆப்ப சோடா போட்ட குழாயில் பொங்கியதைவிட அதிகம். அமிலம். அன்று நான் தப்பில்லாமல் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

கண்டுபிடித்த வேகத்தில் மற்ற பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். நடுநிலையாக்கல். காலையில்தான் மனப்பாடம் செய்திருந்தேன். சுண்ணாம்புத் தண்ணீரை அவள் கையில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று உறுதியாக நம்பினேன். படிக்காதவள் அப்படிச் செய்திருக்க மாட்டாள், தண்ணீரைத்தான் தேடி ஓடியிருப்பாள். பாட்டிலைச் சாய்க்கப் போகும்போது, நெற்றியில் ரத்தத்தோடு எழுந்துவந்த மிஸ் மர ஸ்கேலால் என் மணிக்கட்டில் அடித்தார். பாட்டில் பறந்தது.

"சூடேறிடும்க்கா. தண்ணி. வெறும் தண்ணி. டேங்க் குழாய்க்கு இழுத்துனு போங்க."

அண்ணன் மறுபடி அவளை நோக்கி வந்தான். தரையில் கிடந்த ஆசிட் அவன் வெறுங்காலில் பட்டுத் துள்ளிக்கொண்டே வந்தான். பாய் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவன் முழங்கையால் பாயின் முதுகில் குத்தினான், இன்னொன்று, இன்னொன்று. குழாய் மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டு என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்து அவன் முட்டியில் அடித்தேன். அவன் என்னைப் பார்த்தான். மறுபடி அதே முட்டியில் அடித்தேன். உட்கார்ந்துவிட்டான்.

மொட்டைமாடிக் குழாயடியில் அண்ணியின் கையை வைத்து, மிஸ் தண்ணீரை நிறுத்தாமல் விட்டார். தொட்டியில் தண்ணீர் தீருகிறவரைக்கும் விட்டார். தோல் சிவந்து, சில இடங்களில் வெள்ளையாகி, முழங்கைக்குக் கீழே உரிய ஆரம்பித்தது. அண்ணி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா பிடிக்கிற மாதிரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பார்த்தாள்.

"வெரல் வேலை செய்யுது," என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். பாத்ரூம் கழுவும்போது கொட்டிவிட்டது என்று சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் போலீஸ் வராது, அண்ணனும் வரமாட்டான், எல்லாம் சும்மா இருக்கும். அண்ணி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"என் வூட்டுக்காரர் ஊத்துனாரு டாக்டர். எழுதிக்குங்க. ஆனா காலைல பத்து மணிக்கு எனக்குப் பிராக்டிகலு. அதுக்குள்ள வுட்டுடணும்."

"அட்மிட் ஆகணும்மா. கை எந்த நிலைமையில இருக்குன்னு தெரியுதா?"

"தெரியுது சார். எழுதற கைதான்."

காலையில் அவளாகவே கையெழுத்துப் போட்டுக்கொடுத்து வெளியே வந்தாள். கையெழுத்து கட்டுக்கு வெளியே நீண்ட மூன்று விரலால் போட்டது. நான் அவளிடம் மூன்று தரம் கேட்டேன், அவன் முட்டி உடைந்திருக்குமா, உடைந்திருந்தால் கடைக்கு யார் நிற்பார்கள், என்னையும் பிடிப்பார்களா என்று. "பிடிச்சா பிடிக்கட்டும். பரீட்சை எழுதிட்டுப் போலாம்," என்றாள். கம்ப்யூட்டர் சென்டரில் ஹால் டிக்கெட் எடுத்தோம். பாய் உதடு வீங்கிப்போய், பேச முடியாமல், பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார்.

ஆய்வகத்தில் வந்திருந்த சார் எங்கள் மூவரையும் பார்த்தார். அண்ணியின் கட்டைப் பார்த்தார், பாயின் வாயைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார். "எல்லாரும் ஒரே வண்டியில விழுந்தீங்களா?" என்றார். அண்ணி ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

அண்ணிக்கு வந்தது குவிலென்சின் குவியத்தொலைவு. தூரத்துப் பொருளின் பிம்பம் திரையில் தெளிவாக விழ வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மலை. அவள் இடது கையால் லென்சை முன்னும் பின்னும் நகர்த்தினாள். வெள்ளை அட்டையில் மலை தலைகீழாகக் கலங்கி, கலங்கி, பிறகு ஓரங்கள் கூர்மையாகி நின்றது. மருந்து நாற்றம் எங்கள் மேஜைவரை வந்தது. கட்டு நனைந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஸ்கேலில் குனிந்து பார்த்து, மூன்று விரலால் எண்ணை எழுதினாள். ஒவ்வோர் எண்ணுக்கும் பல்லைக் கடித்தாள். மணி அடிக்கிறவரை எழுதினாள். சார் தாளை வாங்க வந்தபோது, "இரும்மா, முடிச்சிட்டுக் குடு," என்று அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

ரிசல்ட் வந்தபோது அண்ணி பாஸ். பாயும் பாஸ். எனக்கு அறிவியல் வந்தது, கணக்கு போய்விட்டது. மறுபடி எழுத வேண்டும். அண்ணி மனு போட்டிருக்கிறாள், இன்னும் கூப்பிடவில்லை. டவுனில் ஒரு ரூம் எடுத்து நானும் அவளும் இருக்கிறோம். ராத்திரி அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அவள் தூங்கிய பிறகு நான் நாலைந்து தரம் இழுத்துப் பார்ப்பேன்.

அண்ணன் ஜாமீனில் வந்த பிறகு, சொந்தக்காரர்கள் அண்ணியிடம் பேச வந்தார்கள். கேஸை வாபஸ் வாங்கு, கையும் ஆறிப்போச்சு என்றார்கள்.

"கேசு அதும்பாட்டுக்கு நடக்கட்டும்," என்றாள் அண்ணி. "மிஸ்ஸோட சாமானெல்லாம் உடைச்சான். அந்த வூட்டுக்காரம்மா அட்வான்சையும் புடிச்சிக்கினு அவங்கள காலி பண்ண வெச்சிட்டாங்க. அதுக்கு அவன் காசு குடுக்கணும். எந்தக் கையால உடைச்சானோ அந்தக் கையால குடுக்கணும். நான் குடுக்க மாட்டேன்."

மேஜை, குழாய்கள், லென்ஸ், அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூறு என்று மிஸ் சொன்னார். பெரியவர்கள் முன்னால் அவன் ஒத்துக்கொண்டான். ஜாமீன் உத்தரவுப்படி அண்ணி பக்கம் அவன் வரக்கூடாது என்பதால் வாங்கப் போவது நான். ஒவ்வொரு பௌர்ணமி வியாபாரமும் முடிந்த பிறகு போய்க் கடைக்கு முன்னால் நிற்பேன். அவன் என்னைப் பார்க்காமல் இளநீர் சீவிக்கொண்டிருப்பான். ஆட்கள் போன பிறகுதான் காசுப் பெட்டியைத் திறப்பான். அதுவரை அவன் கையில் இருக்கும் கத்தியை விட்டு நான் கண்ணை எடுப்பதில்லை. ஒரு தரம், இதோடு சரியா என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் தலையை நன்றாகவே ஆட்டினேன். போன பௌர்ணமிக்கு ஐந்நூறு கொடுத்தான். இன்னும் வர வேண்டியது ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்.